மதியம் சோலாரை நிறுத்து, இரவில் எண்ணெயை எரி: இது என்ன கணக்கு?

உவர்மலைக் கூரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்த அந்தக் கிழமையில்தான் மனைவியின் காப்பை அடகு வைத்துப் போட முடிவெடுத்தோம்.

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு இலங்கை மின்சார சபையிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது, ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 13 முதல் 21 வரை கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைத்து உதவ வேண்டுமாம். நானும் நல்ல பிள்ளையாக நிறுத்தினேன். மண்டையைப் பிளக்கும் வெயிலில் பனல் சும்மா கிடந்தது. அதே நாள் இரவு ஏழு மணிக்கு எண்ணெய் நிலையங்கள் ஓடுகின்றன. வெயிலுக்குக் காசு இல்லை, எண்ணெய்க்கு டொலர் வேண்டும். 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்த நாடு இப்படிச் செய்வது எனக்கு விளங்கவில்லை. யாராவது கோபப்படாமல் விளக்குங்கள்.

கதிரை விமர்சகர்

இதில் விளங்க என்ன இருக்கிறது? நிலக்கரி வாங்குவதில் கொமிஷன் உண்டு. சூரியனிடம் கொமிஷன் கேட்க முடியாது. அவ்வளவுதான்.

பழைய கொன்ட்ரோல் ரூம்

தம்பி கதிரை, கொமிஷன் கதைக்கு வேறு இழை திறவுங்கள், அங்கேயும் வருகிறேன். ஆனால் அந்தச் சித்திரை மதியத்தில் நீங்களே மின் கட்டுப்பாட்டு அறை மேசையில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். இரவு வீட்டுக்குப் போய் விவரமாக எழுதுகிறேன். இப்போது போனில் தட்டுகிறேன், கண் தெரியவில்லை.

கிண்ணியா மெக்கானிக்

ஐயா வரும்வரை ஒரு சின்ன விஷயம். உவர்மலை அண்ணா, உங்கள் இன்வேட்டர், அதாவது பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, மதியத்தில் தானாகவும் கட் ஆகிறதா? ஒரே ஒழுங்கையில் ஏழெட்டு வீட்டில் சோலார் இருந்து, எல்லோரும் பகலில் வேலைக்குப் போய்விட்டால், கரண்ட் போக இடமில்லாமல் லைன் வோல்டேஜ் ஏறும். நமது வீட்டு லைன் 230 வோல்ட், அதற்கு மேலும் கீழும் 6 சதவீதம்தான் அனுமதி. மேலே போனால் கிட்டத்தட்ட 244. அதையும் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் இன்வேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுவிடும். ஆட்கள் என்னைக் கூப்பிட்டு “பனல் பழுது” என்பார்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பனல் சும்மா மின்னுகிறது.

உவர்மலைக் கூரை

ஓம், வெயில் நல்லாய் எறிக்கும் நாட்களில் பதினொன்றரைக்குப் பிறகு கழன்று கழன்று வரும். அது எங்கள் டிரான்ஸ்போமர் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் முழு நாட்டையும் நிறுத்தச் சொன்னதற்கு எங்கள் ஒழுங்கை காரணம் இல்லையே.

பழைய கொன்ட்ரோல் ரூம்

சரி, வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா கரைவலைக்காரர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கயிறு பிடித்திருக்கிறேன். கரைவலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று அம்பாப் பாட்டுக்கு ஏற்ப இழுப்பார்கள். பாட்டின் தாளம் ஒன்றே. ஒருவன் கை தளர்ந்தால் மற்றவன் அதைத் தாங்கிக்கொள்வான், வலை பின்னே போகாது. மின்சாரக் கட்டமைப்பும் அதே மாதிரிதான். அங்கே அம்பாப் பாட்டு 50 ஹேர்ட்ஸ். விக்டோரியா நீர்மின் நிலையத்தில் சுழலும் டர்பைனும் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் சுழலும் டர்பைனும் ஒரே தாளத்தில் இழுக்கின்றன. அவை நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள இரும்பு. எங்காவது ஒரு நிலையம் விழுந்தால், இந்த இரும்பு சுழன்ற வேகத்திலேயே சில விநாடிகள் தாங்கும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற இயந்திரங்கள் நீர்க்கதவையும் நீராவிக் கதவையும் திறந்து கைகொடுக்கும். யாரும் பொத்தான் அமுக்குவதில்லை, இரும்பு தானாகச் செய்கிற வேலை அது.

கூரைச் சோலார் எப்படி? அவன் நல்ல பலசாலி, மதியத்தில் பத்துப் பேரின் இழுவையை ஒருவனே இழுப்பான். ஆனால் அவனிடம் எடை இல்லை. மற்றவர்கள் பாடும் பாட்டைக் காதால் கேட்டுத்தான் இழுப்பான். பாட்டுத் தடுமாறினால் கயிற்றை விட்டுவிட்டுக் கரையேறி நிற்பான். அவன் மேல் குற்றமில்லை, அப்படித்தான் அவனைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

இப்போது புத்தாண்டு மதியத்தைப் பாருங்கள். தொழிற்சாலை பூட்டு, அலுவலகம் பூட்டு, கொழும்பே ஊருக்குப் போய்விட்டது. நாட்டின் தேவை விழுந்து கிடக்கிறது. கூரைகளில் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிச் சோலார். அதற்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் சுழலும் இரும்பை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். நீர்மின்னை முதலில் நிறுத்துவோம், எண்ணெயை அதற்கு முன்பே நிறுத்தியிருப்போம். கடைசியில் மிஞ்சுவது நுரைச்சோலை. 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. அவற்றை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. ஒரேயடியாக நிறுத்தினால் கொதிகலனை மறுபடி சூடாக்கி லைனுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் வேண்டும், இரவு ஏழு மணிக்குக் கைக்கு வராது. ஏழு மணிக்கு நாடு கேட்பது 2,700 மெகாவாட்டுக்கும் மேல்.

உங்கள் கூரையை என் மேசையிலிருந்து பார்க்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மன்னார் தம்பபவனியை, அதாவது அந்த 30 காற்றாலைகளை, ஒரு தொலைபேசி அழைப்பில் குறைக்கலாம். உங்களிடம் கெஞ்சத்தான் முடியும். அதனால்தான் அது உத்தரவாக வராமல் வேண்டுகோளாக வந்தது.

கதிரை விமர்சகர்

ஐயா அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முழு நாடும் இருண்டதற்குக் குரங்கைக் காட்டினார்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதற்கு இங்கே திருகோணமலையில் எங்கள் மின்விசிறி ஏன் நிற்க வேண்டும்? நமது ஊரில் மான்கள் நடுத் தெருவில் படுத்திருக்கின்றன. அவற்றின் மீது யாரும் பழி போடவில்லையே.

பழைய கொன்ட்ரோல் ரூம்

இந்தக் கேள்வி சரியான கேள்வி. உப மின்நிலையத்தில் பழுது வருவது புதிதில்லை. குரங்கு, பாம்பு, பட்டம், தென்னோலை, எல்லாம் என் காலத்திலும் வந்தன. அன்று அது ஞாயிறு முற்பகல், தேவை குறைவு, வெயில் உச்சம், சுழலும் இரும்பு குறைவு. சாதாரண நாளில் ஒரு தள்ளாட்டத்தோடு முடிந்திருக்க வேண்டியது, அன்று நுரைச்சோலையையும் சேர்த்துக் கீழே தள்ளியது. அந்த இயந்திரங்கள் திரும்பி வர நாட்கள் ஆனதால்தான் அடுத்தடுத்த நாட்களில் சுழற்சி முறையில் வெட்டினார்கள். குரங்கு தீக்குச்சி மட்டும்தான். வைக்கோல் காய்ந்து கிடந்தது முதலே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, நாங்கள் தனித்தீவு. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 250,000 மெகாவாட்டைத் தொட்டது. அங்கே 300 மெகாவாட் விழுந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே மதியத்தில் 300 விழுந்தால் நாட்டின் தேவையில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்கு போய்விடும்.

வளாக மாணவி

நான் கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன், மின்பொறியியல் இல்லை, ஆனால் இறுதி ஆண்டு ஆய்வு இதைத் தொட்டு நிற்கிறது. ஐயாவிடம் ஒரு சந்தேகம். தென் ஆஸ்திரேலியாவும் 2016 செப்டெம்பர் 28 அன்று முழுக்க இருண்டது. புயலில் கோபுரங்கள் விழுந்தன. அதற்குப் பிறகு காற்றாலைகள் வரிசையாகக் கழன்றன. காரணம் காற்று இல்லை. வோல்டேஜ் இத்தனை முறை விழுந்தால் கழன்றுவிடு என்று உள்ளே ஓர் அமைப்பு இருந்திருக்கிறது. கட்டமைப்பை நடத்தியவர்களுக்கு அது தெரியாது. அந்த அமைப்பை மாற்றினார்கள், 2017 கடைசியில் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி வைத்தார்கள், 2021இல் எரிபொருள் இல்லாமல் சும்மா சுழலும் நான்கு பெரிய இயந்திரங்களைப் பொருத்தினார்கள். அப்படியென்றால் இரும்பு வேண்டும் என்பதற்காக நிலக்கரி வேண்டும் என்று ஆகாது, இல்லையா?

பழைய கொன்ட்ரோல் ரூம்

ஆகாது மகள். நிலக்கரிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்த இரும்பு நிலக்கரி நிலையத்தில் கிடக்கிறது என்பதால் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். இரும்பை மட்டும் தனியாக வாங்கலாம். பழைய நிலையத்தின் ஜெனரேற்றரையே எரிபொருள் இல்லாமல் சுழல விடுகிற நாடுகள் இருக்கின்றன. பற்றரியிலும் இப்போது தானே பாட்டெடுக்கும் வகை இன்வேட்டர்கள் வந்துவிட்டன. மற்றவன் பாட்டைக் கேட்டு இழுப்பவன் இல்லை, அம்பா பாடுபவனே அவன்.

கதிரை விமர்சகர்

ஸ்பெயின்? 2025 ஏப்ரல் 28. சோலாரால்தானே விழுந்தது?

வளாக மாணவி

அப்படித்தான் முதல் நாள் எல்லோரும் எழுதினார்கள் அண்ணா. பிறகு ஸ்பெயின் அரசு வெளியிட்ட அறிக்கையில் வந்தது வோல்டேஜ் மேலே ஏறியது என்பது. வோல்டேஜைக் கட்டுப்படுத்த வேண்டிய வழமையான நிலையங்களும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அதில் இருக்கிறது. நம்ம கிண்ணியா அண்ணா ஒழுங்கையில் பார்க்கும் அதே வியாதி, ஒரு நாட்டின் அளவில்.

கிண்ணியா மெக்கானிக்

😀 இதை வீட்டில் வாசித்துக் காட்டுகிறேன். நான் வெறும் ஏணிக்காரன் என்கிறார்கள்.

உவர்மலைக் கூரை

சரி ஐயா, மதியக் கதை விளங்கிவிட்டது. விளங்கியதும் இன்னும் கோபம் வருகிறது. இதெல்லாம் முதலே தெரிந்த விஷயம் என்றால் எதைக் கட்டுவது என்று யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? மலிவு பார்த்தா?

பழைய கொன்ட்ரோல் ரூம்

மலிவுதான். ஆனால் எதில் மலிவு என்பதில் தான் சூட்சுமம்.

மின்சார சபை இருபது வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டு வந்தது. நீண்டகால மின் உற்பத்தி விரிவாக்கத் திட்டம் என்று பெயர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்க வேண்டும். கணினியில் நாளை என்ன தேவை, மழை பெய்யுமா பெய்யாதா, எண்ணெய் விலை என்ன, எந்த நிலையம் எப்போது பழுதாகும் என்று ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்து, எல்லாத் தேவைக்கும் மிகக் குறைந்த செலவில் ஈடுகொடுக்கும் கூட்டணியைத் தேர்ந்தெடுப்பார்கள். “கூட்டணி” என்ற சொல்லைக் கவனியுங்கள். தனித்தனியாக எது மலிவு என்று பார்த்தால் சோலார்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நாங்கள் சந்தையில் வாங்குவது ஒரு சாமான் இல்லை, மூன்று சாமான். ஒன்று யூனிட். இரண்டாவது ஏழு மணி, அதாவது கேட்கிற நேரத்தில் இருப்பேன் என்கிற உத்தரவாதம். மூன்றாவது நான் சொன்ன இரும்பு. உங்கள் கூரை முதலாவதை மலிவாகத் தருகிறது. இரண்டாவதற்கு அதன் மதிப்பு பூச்சியம், மாலை ஆறரைக்கு மேல் திருகோணமலையில் சூரியன் இல்லை. மூன்றாவதும் பூச்சியம். காற்றாலை கொஞ்சம் பரவாயில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் மன்னாரில் இரவிலும் அடிக்கும். நீர்மின் மூன்றையும் தரும், அணையில் நீர் இருக்கும்வரை. எண்ணெய் நிலையம் முதலாவதில் படு விலை, இரண்டாவதில் கெட்டிக்காரன். அதனால்தான் அவனைத் துரத்த முடியவில்லை.

எங்கள் தவறு எங்கே என்று கேட்டால், என் கருத்து இது: முதலாவது சாமானுக்கு மட்டும் விலை போட்டோம். 2016இல் கூரைச் சோலாருக்கு முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய் என்றார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தாலும் அதே விலை, நாடு தவிக்கும் நேரத்தில் கொடுத்தாலும் அதே விலை. சனங்கள் எதைச் செய்வார்கள்? பற்றரி இல்லாமல் பனலை மட்டும் போடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

உவர்மலைக் கூரை

ஐயாவின் கூரையிலும் இருக்கிறதா!

பழைய கொன்ட்ரோல் ரூம்

3 கிலோவாட். மனைவி பெயரில்.

கூட்டத்தில் ஒருவன்

மதியம் சோலார் ஓடும்போது அணையில் நீரைச் சேமித்து இரவில் திறந்தால் போதாதா? பற்றரி எதற்கு? கடவுள் தந்த பற்றரி மலைநாட்டில் இருக்கிறது.

பழைய கொன்ட்ரோல் ரூம்

செய்கிறோம் தம்பி, தினமும் நடக்கிற வேலை அது. விக்டோரியா 210, கொத்மலை 201, மேல் கொத்மலை 150, உமா ஓயா 120. நிமிடக் கணக்கில் எழும்பும். ஆனால் மகாவலி நீர் மின்சாரத்துக்கு மட்டும் உரியது இல்லை. குடிநீரும் வயலும் முன்னுக்கு நிற்கும். எப்போது எவ்வளவு திறப்பது என்பதில் மகாவலி நீர் முகாமைத்துவச் செயலகமும் மேசையில் இருக்கும். சிறுபோகத்தில் வயல் கேட்டால் மதியத்திலும் திறக்கத்தான் வேண்டும். அந்த ஆறு கடைசியில் உங்கள் கொட்டியாரக் குடாவில்தான் வந்து விழுகிறது, மூதூர்க்காரர்களைக் கேளுங்கள், எத்தனை பேர் பங்கு கேட்ட நீர் அது என்று சொல்வார்கள்.

சம்பூரான்

மூதூர்ப் பக்கம் என்று சொன்னதால் வருகிறேன். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஊரை வைத்து 2013இல் 500 மெகாவாட் நிலக்கரி என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2006இல் இடம்பெயர்ந்த சனம் அப்போது முகாமில் இருந்தது. காணி கேட்டுப் போராடியதும், சாம்பலுக்கும் சுடுநீருக்கும் எதிராக மீனவர்கள் பேசியதும் எங்களுக்குத்தான் தெரியும். 2016இல் கைவிட்டார்கள். இப்போது அதே சம்பூரில் சோலார், 120 மெகாவாட். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமர் வந்தபோது கொழும்பிலிருந்து காணொளி வழியாகத் தொடக்கி வைத்தார்கள். புகை இல்லை, சந்தோஷம். ஆனால் சோலாருக்கும் காணி வேண்டும். 2025இல் முத்துநகர் விவசாயிகள் வயலைக் காப்பாற்றத் தெருவில் இருந்ததைப் பார்த்தீர்கள். அந்தக் கணினி ஓட்டத்தில் காணிக்காரனுக்கு ஒரு பெட்டி இருக்கிறதா ஐயா?

பழைய கொன்ட்ரோல் ரூம்

காணி விலைக்குப் பெட்டி இருக்கிறது. காணிக்காரனுக்கு இல்லை.

வளாக மாணவி

சம்பூர் அண்ணா சொன்ன இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 500 மெகாவாட் நிலக்கரி, வருடத்தின் 80 சதவீத நேரம் ஓடியிருந்தால் சுமார் 350 கோடி யூனிட். 120 மெகாவாட் சோலார், முழு ஆற்றலின் 18 சதவீதம் என்று வைத்தால் சுமார் 19 கோடி யூனிட். ஆக, பதினெட்டில் ஒரு பங்கு. அதுவும் பகலில் மட்டும். “நிலக்கரிக்குப் பதில் சோலார்” என்று செய்தியில் வாசிக்கும்போது ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

அதோடு வாடை தொடங்கி மார்கழி மழையில் நமது பக்கம் வெயிலே வராது. பங்குனி, சித்திரையில் நல்லாய் எறிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பனல் சூடேறிக் கொஞ்சம் குறைத்தே தரும்.

கிண்ணியா மெக்கானிக்

25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 0.3, 0.4 சதவீதம் குறையும். தகரக் கூரையில் ஒட்டிப் போட்டால் இன்னும் மோசம், கீழே காற்றுப் போக இடம் விடுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மட்டுறுத்துநர்

காணி அரசியல் தொடர்பான நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சம்பூரானின் பதிவு இருக்கும், அது விடயத்துக்குள் உள்ளது.

நிலாவெளி அக்கா

நான் விடுதி நடத்துகிறேன், ஒன்பது அறை. பொறியியல் எனக்குத் தெரியாது, பில் தெரியும். ஓகஸ்டில் வெள்ளைக்காரர்கள் நிறைந்திருக்கும்போது இரவில் ஒன்பது ஏசியும் ஒன்றாக ஓடும். பற்றரி போடலாம் என்று ஒரு கடையில் விலை கேட்டேன். முதலில் ஒரு விலை, பணம் கட்டப் போனால் வேறு விலை. விட்டுவிட்டேன்.

அதற்குப் பதில் வேலைகளை மாற்றினேன். துணி துவைப்பு, தண்ணீர் மோட்டார், அறை விரிப்பு அயன், எல்லாம் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவில். தண்ணீர்த் தாங்கியைப் பெரிதாக்கினேன். ஐஸ் பெட்டியைப் பகலில் நன்றாகக் குளிர வைத்து ஏழிலிருந்து பத்து வரை நிறுத்திவிடுவோம், மீன் ஒன்றும் ஆகவில்லை. ஐயா சொன்ன பற்றரி என் வீட்டில் தாங்கியும் ஐஸ் பெட்டியும்தான் போல.

பழைய கொன்ட்ரோல் ரூம்

பிள்ளை, சபையில் பெரிய சம்பளம் வாங்கியவர்கள் கூட்டம் போட்டு வருடக்கணக்கில் பேசியது இது. பகல் சோலாரைப் பகலிலேயே தின்று தீர்ப்பது எல்லாவற்றிலும் மலிவான சேமிப்பு.

மற்றவை விலை கூடினவை, ஆனால் வேண்டும். மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்றுச் சேமிப்பு திட்டத்தில் இருக்கிறது. பகலில் மிஞ்சிய கரண்டில் நீரை மேலே ஏற்றி இரவில் இறக்குவது. நூறு யூனிட் கொடுத்தால் எழுபத்தைந்து, எண்பது திரும்பி வரும். கட்டி முடிக்கப் பல வருடம். பற்றரி அப்படியில்லை, மாதக்கணக்கில் வைத்துவிடலாம். 2024இல் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 115 டொலர் வரை வந்துவிட்டது. 2010இல் ஆயிரத்துக்கு மேலே இருந்த சாமான். இந்தியாவோடு கடலடிக் கம்பி பற்றியும் அதே 2025 ஏப்ரலில் உடன்படிக்கை போட்டார்கள். அது வந்தால் நாம் தனித்தீவாக இருக்கத் தேவையில்லை. பேச்சு மட்டும் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து நடக்கிறது.

கதிரை விமர்சகர்

கடைசியில் எல்லாச் செலவும் எங்கள் பில்லில்தான் வரும்.

பழைய கொன்ட்ரோல் ரூம்

ஓம். வரும். எண்ணெய்ச் செலவும் உங்கள் பில்லில்தான் வருகிறது.

கிண்ணியா மெக்கானிக்

உவர்மலை அண்ணா, சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். இன்வேட்டர் அமைப்பை மாற்ற முடியுமா என்று பார்ப்போம். சில மொடல்களில் வோல்டேஜ் ஏறும்போது ஒரேயடியாகக் கழலாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வைக்கலாம். மாற்றுவதற்கு முன் சபை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உவர்மலைக் கூரை

வாருங்கள் தம்பி, மதியச் சாப்பாடு நம்ம வீட்டில். மனைவியிடம் நிலாவெளி அக்காவின் பதிவைக் காட்டினேன். தண்ணீர் மோட்டாரை மாலை ஆறு மணிக்குப் போடுவது இனி இல்லை என்றார். இத்தனை நாளும் அதைப் போட்டது நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை.